மிலான் கண்காட்சிக் கூடத்தின் பின்கதவு

மிலான் நகரத்துக் கண்காட்சிக் கூடத்தைப் பார்த்த முதல் நிமிடமே எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் வாயைப் பிளந்து நின்ற அஸ்லம் பாயிடம் அதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

"சும்மா பெருசா கட்டி வெச்சிருக்காங்க பாய்" என்றேன்.

"சும்மாவா? இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு நடந்தா ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து எங்க வீடே வந்துடும் மா" என்றார் அவர்.

அஸ்லம் பாய் ஆம்பூரில் ஒரு சின்னத் தோல் பதனிடும் ஆலையின் முதலாளி. நான் அங்கே நிறம் பார்ப்பவள். வெளிநாட்டிலிருந்து கையகலத் தோல் துண்டு ஒன்றை அனுப்பி, இதே பழுப்பு வேண்டும் என்பார்கள். மெஷினில் சாயத்தை மாற்றி மாற்றி அடிக்க வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்ன பிறகுதான் சரக்கு நகரும். பன்னிரண்டு வருடமாகப் பள்ளிகொண்டாவிலிருந்து பஸ் ஏறிப் போய் இந்த வேலையைச் செய்கிறேன். அதுவரை நான் பார்த்த தூர தேசம் பெங்களூர்.

எங்களிடம் பல வருடம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் வேறு நாட்டுத் தோலுக்குப் போய்விட்டார். ஆலையில் இருந்த இரண்டு ஸ்ப்ரே மெஷின்களில் ஒன்று நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து போனார்கள். இந்தக் கண்காட்சியில் ஒரு ஆர்டராவது கிடைக்காவிட்டால் ரம்ஜான் கழித்து அந்த மெஷினை விற்றுவிடப்போவதாகப் பாய் சொல்லியிருந்தார். அந்த மெஷினில் தோல் பரப்பிக் கொடுக்கும் செல்வி அக்கா, நான் கிளம்பும் அன்று எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்றை என் பையில் திணித்தாள். "இன்னா பண்ணுவியோ தெரியாது ஷீலா, ஏதாவது ஒண்ணு புடிச்சினு வந்துடு" என்றாள்.

புதன்கிழமை கடை அமைக்கும் நாள். வளாகத்தின் நடுவே கண்ணாடிக் கூரை போட்ட நீளமான தெரு ஒன்று போகிறது. அதன் இரு பக்கமும் கூடங்கள், ஒவ்வொன்றிலும் எங்கள் ஆலை மாதிரி நான்கைந்து அடங்கும். நடக்கச் சோம்பலாக இருந்தால் தானாக நகரும் பட்டையில் ஏறி நின்றுகொள்ளலாம். லாரிகள் நேராக உள்ளே வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போகின்றன. தரையில் ஒரு மூடியைத் தூக்கினால் கீழே கரண்ட், தண்ணீர், இன்னும் என்னென்னவோ. எந்த மூலையில் கடை போட்டாலும் அங்கே எல்லாம் வந்துவிடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்து ஆலைகள் சேர்ந்து ஒரு தோல் காட்சி நடத்தினோம். கிடைத்தது ஒரு கல்யாண மண்டபம். மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளை நகர்த்த மண்டபத்துக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால் அவற்றின் மேலேயே எங்கள் பழுப்புத் தோல்களை விரித்து வைத்தோம். வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எது விற்பனைக்கு, தோலா நாற்காலியா என்று கேட்டார். மதியம் கரண்ட் போனது. வேலூர் கோட்டை மைதானத்துப் பொருட்காட்சியிலாவது ராட்டினமும் டெல்லி அப்பளமும் உண்டு, எங்களிடம் அதுவும் இல்லை.

எங்கள் கடைக்கு விளக்கு மாட்ட வந்தவர் பஞ்சாபிக்காரர். பாயிடம் இந்தியில் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார். போன வாரம் இங்கே பல் டாக்டர்கள் மாநாடாம். அடுத்த வாரம் ஐஸ்கிரீம் செய்கிற மெஷின்கள். அதற்கப்புறம் மேஜை நாற்காலி போட்டு ஆயிரக்கணக்கான பேர் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதுவார்களாம்.

"ஒரு நாள்கூட சும்மா இருக்காதா?" என்று பாய் கேட்டார்.

"சும்மா இருந்தால் கழுவி விடுவோம்" என்றார் அவர்.

எங்கள் ஊர் மண்டபத்திலும் கண் சிகிச்சை முகாம் நடக்கிறது, கட்சிக் கூட்டம் நடக்கிறது, வெள்ளம் வந்தால் ஜனங்களைத் தங்க வைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் மண்டபம் நம் மேல் இரக்கப்பட்டு இடம் கொடுத்த மாதிரி இருக்கும். இங்கே எதற்கு வேண்டுமானாலும் வா என்று கட்டி வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று நினைத்து நினைத்து எனக்கு அன்று மாலை வரை ஆறவில்லை.

மாலையில் நிர்மலாவைப் பார்த்தேன். அதோடு கட்டடத்தின் மேல் இருந்த எரிச்சல் எல்லாம் அவள் மேல் திரும்பிவிட்டது.

நிர்மலா அணைக்கட்டுக்காரி. வேலூரில் ஒரே பெஞ்சில் படித்தோம். படிப்பு முடிந்து அஸ்லம் பாயின் ஆலையிலேயே ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டு வருடம் நிறம் பார்த்தோம். அப்புறம் ஒரு பெரிய கம்பெனி எங்கள் இருவரையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அவளை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கம்பெனியின் கடை இங்கே கூடத்தின் முகப்பிலேயே மூலைக்கடை. இரண்டு பக்கமும் திறப்பு, தரைவிரிப்பு, காபி மெஷின், சொந்தமாகக் கொண்டுவந்த விளக்குகள். எங்கள் கடை கடைசி வரிசையில், அவசர வழிக் கதவை ஒட்டி இருந்தது. ஒரு மேஜை, மூன்று ஸ்டூல், அவ்வளவுதான்.

"அடியே ஷீலா! நீயா? எப்படிடீ வந்த?" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"பிளேன்லதான்" என்றேன்.

அவள் போட்டிருந்த கோட்டு ஆட்டுத்தோல். விரலில் வழுக்கிக்கொண்டு போனது. தையல் எங்காவது பிசகியிருக்கிறதா என்று கட்டிப்பிடித்தபடியே முதுகில் தேடிப் பார்த்தேன். எங்கும் பிசகவில்லை.

வியாழக்கிழமை காலை கூடத்துக்குப் போகிற ரயிலைத் தவறவிட்டோம் என்று சொன்னால் பொய். தவறான ரயிலைச் சரியான நேரத்துக்குப் பிடித்தோம். அந்தத் தடம் பாதி வழியில் இரண்டாகப் பிரிகிறது, வண்டியின் நெற்றியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏற வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை. எதிரே கைப்பையில் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எங்கள் கழுத்து அட்டைகளைப் பார்த்துவிட்டுப் பதறினார். "கண்காட்சிக்கா? இது அங்கே போகாது. இறங்குங்கள், திரும்பிப் போங்கள், பெயரைப் பாருங்கள்" என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் திட்டு புரிந்தது.

எனக்குத்தான் பெரிய மானக்கேடு. வேலூரிலிருந்து வரும் குடியாத்தம் பஸ் எங்கள் பள்ளிகொண்டாவில்தான் பிரியும். ஆம்பூர் போக வேண்டியவர்கள் அதில் ஏறிவிட்டு எங்கள் ஊரில் மூட்டையோடு இறங்கி விழிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மதியம் அங்கேயே இருந்த சாப்பாட்டுக் கடையில் மஞ்சளாக ஒரு அரிசிச் சோறு கொடுத்தார்கள். குங்குமப்பூ போட்டதாம். கடித்தால் நடுவில் கடுக்கென்றது. பாய் ஹலால் பார்ப்பவர். ரொட்டியும் வாழைப்பழமும் மட்டும் வாங்கிக்கொண்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரியாணி பண்ண ஆரம்பிச்சு, பாதியில போன் வந்து எழுந்து போய்ட்டான் போல" என்றார்.

ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அதை முடித்தேன். போகும் வழியில் நிர்மலாவின் கடையைப் பார்த்தால் அங்கே தட்டுத் தட்டாகத் தின்பண்டம் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். "வாய் செத்துப் போச்சுடீ, ஊறுகா வெச்சிருக்கியா?" என்று அங்கிருந்தே கேட்டாள். "அப்புறம் வா" என்று நகர்ந்துவிட்டேன்.

எங்கள் கடைக்கு அன்று வந்தவர்களில் பாதிப் பேர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர்கள். மீதிப் பேர் தோலைத் தடவிப் பார்த்து, தலையாட்டி, விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூடத்து விளக்கின் கீழ் எங்கள் தோல்கள் எல்லாம் காய்ச்சலில் படுத்து எழுந்த மாதிரி வெளிறித் தெரிந்தன. நிர்மலா கடையில் சொந்த விளக்கு, எல்லாம் ஜொலித்தன. ரயிலில் திரும்பும்போது பாய், "அந்த மெஷினுக்கு வாணியம்பாடியில ஒருத்தன் கேட்டுனு இருக்கான் மா" என்றார்.

வெள்ளிக்கிழமை பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். "கடைய விட்டு எங்கியும் போயிடாத மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஒரு போர்ச்சுகல்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். அங்கே ஷூ தைக்கும் சின்னத் தொழிற்சாலை வைத்திருக்கிறாராம். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு தோல் துண்டை எடுத்தார். பழைய பூட்ஸில் கயிற்றுக்குக் கீழே வருகிற நாக்கு. அந்தத் தோலைச் செய்த ஆலையை மூடிவிட்டார்களாம். "இதே பழுப்பு வேண்டும். இருப்பது இது ஒன்றுதான்" என்றார் உடைந்த ஆங்கிலத்தில்.

எங்கள் பழுப்புகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தேன். ஏழாம் நம்பர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. சரி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். சொல்ல மனம் வரவில்லை.

எங்கள் ஆலையின் பின்பக்கம் வடக்கு பார்த்த கதவு ஒன்று இருக்கிறது. ட்யூப்லைட்டின் கீழ் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தெரியும் இரண்டு பழுப்புகள் வெளி வெளிச்சத்துக்கு வந்தால் ஒன்று சிவக்கும், ஒன்று பச்சை அடிக்கும். அதனால் கடைசி முடிவு எப்போதும் அந்தக் கதவருகில்தான். பன்னிரண்டு வருடத்தில் வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கால் அங்கே போய்விடும். அன்றும் போனது. "டூ மினிட்ஸ்" என்று அவரிடம் சொன்னேன். அவருடைய துண்டையும் என்னுடைய நான்கைந்து பழுப்புகளையும் எடுத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த கதவின் இரும்புத் தண்டைத் தள்ளி வெளியே போனேன்.

நல்ல வெயில். ஏழாம் நம்பர் செங்கல் மாதிரி சிவந்தது. உள்ளே பச்சையடித்துக்கொண்டிருந்த நான்காம் நம்பர்தான் அந்தப் பழைய நாக்கோடு அப்படியே கலந்தது. "அடி சக்கை" என்று சொல்லிக்கொண்டு திரும்பினேன். கதவு மூடியிருந்தது. வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லை.

தட்டினேன், உதைத்தேன். உள்ளே ஒருவருக்கும் கேட்கவில்லை. என் கோட்டு, போன், கழுத்து அட்டை எல்லாம் ஸ்டூல் மேல். பிப்ரவரிக் குளிர். எதிரே லாரிகள் நிற்கும் மைதானம். கட்டடம் எவ்வளவு பெரிது என்று பொறாமைப்பட்டேனோ அவ்வளவையும் சுற்றி நடந்தேன். ஒரு சுவர் முடிந்தால் அடுத்த சுவர். பாய் கடையை விட்டுப் போகாதே என்று சொன்னதும், வாணியம்பாடிக்காரன் மெஷின் கேட்பதும் மாறி மாறி நினைவுக்கு வந்தன. போதாததற்கு அந்த மனிதரின் ஒரே துண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அழுகை வந்தது, நடந்துகொண்டே அழுதேன்.

வாசலில் காவலர் விடவில்லை. அட்டை இல்லாத ஒருத்தி கையில் தோல் துண்டுகளோடு நடுங்கிக்கொண்டு நின்றால் யார்தான் விடுவார்கள்? உள்ளிருந்து திருடி வந்தவள் என்றே நினைத்திருப்பார். தோலின் பின்பக்கம் இருந்த எங்கள் ஆலையின் ரப்பர் ஸ்டாம்பைக் காட்டிக் காட்டிக் கத்தினேன். அவர் பட்டியலைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்து, சந்தேகம் தீராமல் என் கூடவே நடந்து வந்தார். மூலைக்கடையைத் தாண்டும்போது நிர்மலா பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அங்கே இல்லை.

எங்கள் கடையில் இருந்தாள். பாயின் ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே போர்ச்சுகல்காரருக்கு ரொட்டித் துண்டில் செல்வி அக்காவின் ஊறுகாயைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வர, சிரித்துக்கொண்டே தின்றுகொண்டிருந்தார். எனக்குக் காது வரை சுட்டது. வேலையை எடுத்துக்கொண்டாய், மூலைக்கடையை எடுத்துக்கொண்டாய், இப்போது என் கடைக்கே வந்து என் ஆளையும் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறாயா என்று கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தேன்.

போர்ச்சுகல்காரர் முந்திக்கொண்டார். "உங்கள் தோழி என்னை எழுந்திருக்கவே விடவில்லை. வெயிலில் பார்த்துவிட்டு நீங்கள் சரி என்று சொன்னால் எந்த ஊர்த் தெருவிலும் அது சரியாக இருக்குமாம். உங்கள் கண்ணை அவரால் ஒரு தடவைகூட ஜெயிக்க முடிந்ததில்லையாம்."

நிர்மலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஊறுகா கேட்டுனு வந்தேன்டீ. மனுஷன் கெளம்பிட்டு இருந்தாரு. நீ பின்னாடி கதவத் தொறந்து போனதா சொன்னாரு, சரி வெளிச்சம் பாக்கத்தான் போயிருப்பன்னு நெனச்சேன். முன்னாடி கண்ணாடிக் கூரை கீழ அவ்ளோ வெளிச்சம் இருக்குதே, பின்னாடி எதுக்குடீ போன?"

"கதவு பின்னாடிதானடீ இருக்கும்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூவரும் முன்பக்கமாகப் போனோம். நான் ஊரைச் சுற்றிப் பார்த்த வெளிச்சம் கூடத்துக்கு வெளியே அந்தக் கண்ணாடித் தெருவிலேயே கொட்டிக் கிடந்தது. போர்ச்சுகல்காரர் தன் துண்டை நான்காம் நம்பர் மேல் வைத்தார், திருப்பினார், கட்டை விரலால் தடவினார். அப்புறம் அடுத்த குளிர்காலப் பூட்ஸுக்கு எடுத்துக்கொள்வதாகவும், தோல் நன்றாக இருந்தால் ஒவ்வொரு பருவமும் எங்களிடமே வாங்குவதாகவும் சொன்னார். பாய் தொழுகை முடித்து வந்து எழுதி வாங்கிக்கொண்டபோது நிர்மலா தன் கடைக்குப் போய்விட்டிருந்தாள்.

மாலையில் நகரும் பட்டையில் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று போனோம். பாய் எங்களைக் கவனிக்காமல் வெகு முன்னால் போன் பேசிக்கொண்டே போனார்.

"அந்த ஆளு நேத்தே எங்ககிட்ட வந்தாருடீ" என்றாள் நிர்மலா. "அவ்ளோ கம்மியான ஆர்டர எங்க கம்பெனி எடுக்காது. நான்தான் உங்க கடை நம்பர எழுதிக் குடுத்தேன். உங்களுக்கு சரியா இருக்கும்னு தோணுச்சு."

அவள் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். மனதார வெறுத்துவிட்டு ரயில் ஏறியிருப்பேன். அவளோ பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்த மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் ஆலைக்கு உயிர் கொடுக்கிற ஆர்டர் அவர்களுக்கு வேண்டாத சில்லறை. அதையும் கவனமாக எடுத்து என் கையில் வைத்திருக்கிறாள். அவளுடைய கோட்டைப் பார்த்துப் பொறாமைப்படலாம், கடையைப் பார்த்துப் படலாம். நல்ல மனதைப் பார்த்தும் படுவேன் என்று அதுவரை எனக்கே தெரியாது.

நன்றி சொல்லத்தான் நினைத்தேன்.

"இந்தக் கோட்டு எங்க வாங்கின?" என்று கேட்டேன்.

சனிக்கிழமை மாலை மணி அடித்ததும் கூடம் கலைந்தது. ஐந்து நிமிடத்தில் தரைவிரிப்புகளைச் சுருட்டிவிட்டார்கள். மூலைக்கடையும் எங்கள் கடையும் ஒரே மாதிரிப் பலகைகளாகி ஒரே லாரியில் ஏறின. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

செவ்வாய்க்கிழமை ஆலையில் பாய் எல்லோரையும் நின்றுபோன மெஷின் முன்னால் கூட்டி வைத்துக் கதை சொன்னார். "நம்ம பொண்ணு அந்தக் குளிர்ல வெளிய போயி, சூரியன்ல பாத்து, ஊரையே சுத்தி நடந்து வந்தா. அந்த ஆளு அதுவரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருந்தாரு!" தொழுகைக்குப் போயிருந்த பாய்க்கு நான் சொன்னது அவ்வளவுதான்.

"அது எப்படி அவ்ளோ நேரம் உக்காந்துனு இருந்தாரு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அவரோட தோலு எங்கிட்ட இருந்துச்சே. வுட்டுட்டு எங்க போவாரு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பாய் கை தட்டினார்.

கூட்டம் கலைந்தது. செல்வி அக்கா மட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடம் நிர்மலாவும் நானும் அவள் டிபன் பாக்ஸிலிருந்து பிடுங்கித் தின்றவர்கள்.

"நிர்மலா கம்பெனிகூட அங்க வந்திருக்குமே. அவளப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"அவ்ளோ பெரிய எடத்துலக்கா" என்றேன், "யாரப் பாக்க முடியும்?"